தொண்ணூற்றாறில் அறுபது

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்று அறைகள், பதினேழு மரப்படிகள், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. கணக்கம்மா முப்பது வருஷம் வேலை பார்த்த ஆராய்ச்சி அலுவலகம் அவ்வளவுதான். கட்டடத்தை இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. இருந்தும் அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் அவள் கால் ஒரு நொடி தானாகத் தயங்கும். ஈரமான அட்டை வாசனை எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கும்.

அட்டைகள் ஒருமுறை நனைந்தே போயின. மூச்சளவு எழுதிவைக்கும் அட்டை, ஆளுக்கொன்று வீதம் ஆயிரத்து எண்ணூறு பேர். கூரை ஒழுகிய அன்று காலை மூன்றாவது அறையில் கொடி கட்டி, துணி கிளிப் வாங்கி வந்து, எல்லாவற்றையும் காயப்போட்டார்கள். வெயில் வந்ததும் ஜன்னலைத் திறந்தார் டாக்டரம்மா. காற்றில் ஆயிரத்து எண்ணூறு பேரின் மூச்சும் படபடவென்று அடித்துக்கொண்டது. "கண்ணாடிக் கடைக்காரர் மேல வந்து பார்த்தா நாம சலவைத் தொழில் ஆரம்பிச்சிட்டோம்னு வாடகையை ஏத்திடப் போறார்," என்றார் டாக்டரம்மா. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மூன்று பேர்தான் அலுவலகமே. நுரையீரல் மருத்துவரான டாக்டரம்மா. ஊர் ஊராகப் போய் ஆளைத் தேடிப் பிடித்துவரும் களப்பணியாளர். அவருக்குப் பெயரே 'சைக்கிள்' என்று ஆகிவிட்டது. மூன்றாவது, இருபத்து நான்கு வயதில் புள்ளியியல் பட்டத்தோடு வந்து சேர்ந்த இவள். சேர்ந்த முதல் வாரமே கணக்கம்மா ஆகிவிட்டாள்.

வேலை இதுதான். ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் தொழிற்சாலை இருந்தது. கோப்பை, தட்டு, கழுவுதொட்டி எல்லாம் அங்கே செய்வார்கள். காய்ந்த பீங்கானைச் சூளையில் வைக்கும் முன் தேய்த்து வழவழப்பாக்கும் இடத்துக்குத் தேய்ப்புக்கூடம் என்று பெயர். அங்கே வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் இமைகூட வெள்ளையாக இருக்கும். அந்தத் தூள் அவர்களுக்கு மூச்சிரைப்பு நோயைக் கொண்டுவருகிறதா, கொண்டுவந்தால் எவ்வளவு? அதைக் கண்டுபிடிக்கத் தேய்ப்புக்கூடத்தில் எண்ணூறு பேரையும், தூளே இல்லாத தபால் பிரிக்கும் நிலையத்தில் ஆயிரம் பேரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் நல்ல மூச்சு உள்ளவர்கள். இனிப் பன்னிரண்டு வருஷம் அவர்களைப் பின்தொடர வேண்டும். யார் யாருக்கு நோய் வருகிறது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும்.

"பன்னெண்டு வருஷமா?" என்று கேட்டான் அவள் அண்ணன். "அதுக்குள்ள எனக்கு முடி கொட்டிடும் குண்டூசி."

சின்ன வயதில் அவள் ஒல்லியாக இருந்ததால் வைத்த பெயர் குண்டூசி. பிறகு அவள் பூசினாற்போல் ஆன பின்பும் அவன் அதை மாற்றவில்லை.

அண்ணன் தேய்ப்புக்கூடத்தில்தான் வேலை பார்த்தான். எண்ணூறு பேரில் அவனும் ஒருவன். இதை அவள் முதல் நாளே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "உங்க அண்ணன் அட்டையை நீ தொடாதே. அவருக்கு நோய் இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது என் வேலை. கடைசியில கூட்டறப்ப வெறும் நம்பரா மட்டும் உன் கைக்கு வரட்டும்" என்றார். அப்படியே நடந்தது.

சொல்லப்போனால், அண்ணன் இல்லையென்றால் ஆராய்ச்சியே முதல் நாளோடு நின்றிருக்கும். ஊதும் கருவியைப் பார்த்ததும் தொழிலாளிகள் பின்வாங்கினார்கள். மூச்சு குறைவு என்று எழுதி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அண்ணன் தோளைக் குலுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். குழாயை வாயில் வைத்து, கண்ணை உருட்டி, ஒரே ஊதாக ஊதினான். முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டி நின்றது.

"மெஷின் உடைஞ்சா என் சம்பளத்துல பிடிக்கக்கூடாது, ஆமா!" என்றான்.

கூடமே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக வரிசையில் நின்றார்கள். அவனைவிட அதிகம் ஊதிக் காட்ட வேண்டுமென்று போட்டியே நடந்தது. அன்று யாராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நினைத்தால் அவளுக்கு ஒரு நாளும் தனியாக நினைவுக்கு வராது. எல்லாம் சேர்ந்த ஒரே நீண்ட பகல்போலத்தான் தோன்றும். காலையில் படியேறுவது, பிளாஸ்க்கில் டீ, கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறியின் கடகட சத்தம், மதியம் படிக்கட்டில் கேட்கும் சைக்கிளின் செருப்பொலி. வேலையை விட்டவர்கள், ஊர் மாறியவர்கள், செத்துப்போனவர்கள் என்று ஒருவரையும் விடாமல் தேடிக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. "தொலைஞ்சவங்களை விட்டுட்டா கணக்கு பொய் சொல்லும்" என்று அவள் ஒருமுறை சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நூறு மைல் தள்ளி ஒரு சலவைக்கடையில் ஒளிந்திருந்த ஆளைக்கூடப் பிடித்தார். அந்த ஆள் இவரை முதல் மனைவி அனுப்பிய தூதர் என்று நினைத்துப் பின்கதவு வழியாக ஓட, இவர் துரத்த, கடைசியில் ஒரு பாலத்தடியில் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்களாம். "ஓடின ஓட்டத்தைப் பார்த்தா நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் ஊதச் சொல்லி எழுதிட்டு வந்துட்டேன்" என்றார் சைக்கிள்.

பன்னிரண்டு வருஷ முடிவில் அவர் தொலைத்தது பதினோரு பேரைத்தான்.

ஒன்பதாவது வருஷம் ஒரு மதியம் படிக்கட்டில் காலடி கேட்டது. பாதியில் நின்றது. வெகுநேரம் நின்றது. கணக்கம்மா எட்டிப் பார்த்தாள். பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தான். நிமிர்ந்து பார்த்து, பேசாதே என்று கையால் சைகை காட்டினான். மேலே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, "உங்க படிக்கட்டு வருஷா வருஷம் வளருது போல" என்றான்.

அந்த வருஷம் அவன் எவ்வளவு ஊதினான் என்று அவள் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கிளம்பும்போது டாக்டரம்மா வழக்கத்துக்கு மாறாக அவள் தோளில் ஒரு கணம் கைவைத்தார். அது போதுமாக இருந்தது.

பன்னிரண்டாவது வருஷம் எல்லா அட்டைகளும் வந்து சேர்ந்தன. கணக்கம்மா மூன்று நாள் கூட்டினாள். பிறகு கூட்டியதை மறைத்து வைத்துவிட்டு மறுபடி மூன்று நாள் கூட்டினாள். இரண்டும் ஒன்றாகவே வந்தன. தேய்ப்புக்கூடத்தில் எண்ணூறு பேரில் தொண்ணூற்றாறு பேருக்கு நோய். தபால் நிலையத்தில் ஆயிரம் பேரில் நாற்பது பேருக்கு. ஆயிரத்துக்கு எத்தனை என்று ஒரே அளவாக்கினால், அங்கே நூற்று இருபது, இங்கே நாற்பது.

"மூணு மடங்கு!" என்று மேசையைத் தட்டினார் டாக்டரம்மா. "இதைத் தலைப்பா போட்டுடலாம்."

"மடங்கு போதாது டாக்டர்," என்றாள் அவள். "அபூர்வமான நோயா இருந்தா மூணு மடங்குன்னாலும் விரல்விட்டு எண்ணிடலாம். எத்தனை பேருங்கிறதுதான் முக்கியம். கழிச்சுப் பாருங்க."

"நூத்தி இருபதுல நாப்பது போனா எண்பது."

"ஆயிரம் பேருக்கு எண்பது பேர். தபால் நிலையத்துல வேலை பார்த்திருந்தாலும் நாப்பது பேருக்கு வந்திருக்கும். அதுக்கு மேல வந்த எண்பதும் தூளோட பங்கு. நம்ம கூடத்துல எண்ணூறு பேர்தானே, அப்போ அறுபத்துநாலு பேர். தொண்ணூத்தாறுல அறுபத்துநாலு பேருக்கு அந்தத் தூள் இல்லேன்னா இது வந்திருக்காது."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சைக்கிள் தன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தத் தொண்ணூற்றாறு பேரின் வீட்டு வாசலும் அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள். விஷயம் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டிருந்தது. அண்ணன் மெதுவாகச் சாப்பிட்டான். இப்போதெல்லாம் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அவனுக்கு இடைவெளி வேண்டியிருந்தது.

"குண்டூசி, ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"தொண்ணூத்தாறுல நானும் ஒருத்தன். சரி. அதுல அறுபத்துநாலு பேருக்குத் தூளால. மிச்சம் முப்பத்திரண்டு பேருக்கு எப்படியும் வந்திருக்கும். அப்படித்தானே?"

"ஆமா."

"நான் எதுல இருக்கேன்?"

அவள் சாப்பாட்டைப் பார்த்தாள். இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

"தெரியாது அண்ணா."

"தெரியாதா? பன்னெண்டு வருஷம் ஊதினேனே!"

"எத்தனை பேருன்னு தெரியும். யாருன்னு தெரியாது. நோய் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். தூளால வந்தவங்க, தானா வந்தவங்கன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. பல பேருக்கு ரெண்டும் சேர்ந்தே கூட வந்திருக்கும்."

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் ணங்கென்று போட்டாள். "இதைச் சொல்றதுக்கு ஒரு ஆராய்ச்சியா? மனுஷன் படியேற முடியாம கிடக்கிறார். அவருக்கு எதனால வந்துச்சுன்னு சொல்ல முடியலேன்னா உன் கணக்கை வச்சு நான் என்ன பண்றது?"

"விடு," என்றான் அண்ணன். "அவ பொய் சொல்லலியே. ஆமான்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்துவிட்டது. அண்ணி அவன் முதுகைத் தடவினாள். கணக்கம்மா தட்டை ஓரமாக நகர்த்தினாள். அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த சிகரெட் பெட்டி மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெட்டி அவளை விடவில்லை. புகைபிடிப்பவர்கள் தேய்ப்புக்கூடத்தில் எத்தனை பேர், தபால் நிலையத்தில் எத்தனை பேர்? முதல் வருஷமே அட்டையில் எழுதி வாங்கியதுதான். கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் அட்டைகளைப் பிரித்தாள். அவள் பயந்தது சரிதான். கூடத்தில் பாதிப்பேர் புகைபிடிப்பவர்கள். தபால் நிலையத்தில் பத்துக்கு நாலு பேர்தான். அந்த வித்தியாசத்தின் சுமையையும் அவள் தூளின் தலையில் ஏற்றியிருந்தாள்.

பிரித்துப் போட்டாள். புகையே பிடிக்காதவர்களில் தபால் நிலையத்தில் ஆயிரத்துக்கு இருபது, கூடத்தில் எண்பது. பிடிப்பவர்களில் தபால் நிலையத்தில் எழுபது, கூடத்தில் நூற்று அறுபது. கூடத்து ஆட்கள் அதே பழக்கத்தோடு தபால் நிலையத்தில் வேலை பார்த்திருந்தால் முப்பத்தாறு பேருக்கு நோய் வந்திருக்கும். தொண்ணூற்றாறில் முப்பத்தாறு போனால் அறுபது.

"அறுபத்துநாலுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு," என்றார் சைக்கிள். அவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை. "இப்போ நாலு பேரைக் கைவிடறதா? அந்த நாலு பேர் யாரு கணக்கம்மா? நான் அவங்க வீட்டுல டீ குடிச்சிருக்கேன்."

"நாலு பேரைக் கைவிடலை அண்ணே. நாலுங்கிறது என் தப்பு. நான் விட்ட தப்பைத் தொழிற்சாலைக்காரங்க கண்டுபிடிச்சா மிச்சம் அறுபது பேரையும் சேர்த்துத் தூக்கி எறிஞ்சிடுவாங்க."

டாக்டரம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "உங்க அண்ணனும் புகைபிடிக்கிறவர்தானே?"

"ஆமா டாக்டர்."

"இதை வெளியிட்டா, சிகரெட்டாலதான்னு அவரைப் பார்த்தே சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"போடலாமா?"

"போட்டுத்தான் ஆகணும்."

தொழிற்சாலை அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. நீளமான மேசையின் ஒரு பக்கம் மேலாளரும் அவருடைய மூன்று ஆட்களும், மறுபக்கம் இவர்கள் மூன்று பேரும், தொழிலாளிகள் சார்பில் ஒருவரும். அறிக்கை இன்னும் விநியோகிக்கப்படவில்லை. மேலாளர் மரியாதையான மனிதர். எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றித் தந்த பிறகுதான் பேசினார்.

"உங்க உழைப்பை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா எங்க ஆளுங்க ரயில் எஞ்சின் மாதிரி புகை விடறவங்க. தபால்காரங்க அப்படி இல்லை. நீங்க சொல்ற அறுபத்துநாலு பேர் சிகரெட்டால வந்தவங்களா இருக்கலாம் இல்லையா?"

"நாலு பேர் அப்படித்தான் சார்," என்றாள் கணக்கம்மா. "அந்த அளவுக்கு என் கணக்கு தப்பு. திருத்திட்டேன். அறுபது."

அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. அவள் புதிய தாளை மேசைமேல் நகர்த்தினாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இது வாழ்நாள்ல ஒரு சிகரெட் கூடத் தொடாதவங்க. தபால் நிலையத்துல ஆயிரத்துக்கு இருபது. உங்க கூடத்துல எண்பது. இவங்க எதைப் புகைச்சாங்க சார்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்த வரியையே படித்தார்.

"சரி," என்றார் கடைசியில். "நான் ஒத்துக்கறேன்னே வச்சுக்கங்க. அந்த அறுபது பேரைக் காட்டுங்க. அவங்களுக்கு வைத்தியம், தூள் இல்லாத இடத்துல வேலை, எல்லாம் செஞ்சு தர்றேன். மிச்சம் முப்பத்தாறு பேருக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

அண்ணன் கேட்ட அதே கேள்வி. சாப்பாட்டு மேசையில் வராத பதில் இங்கே வந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே பிறகு ஆச்சரியமாக இருந்தது.

"காட்ட முடியாது சார். யாராலயும் முடியாது. ஆனா அந்தத் தெரியாமையை உண்டாக்கினது தூள்தானே? தொண்ணூத்தாறு பேர்ல ஒருத்தரைக்கூட நீங்க விரல் நீட்டி, இவருக்குத் தூளால வரலைன்னு சொல்ல முடியாது. அப்போ தொண்ணூத்தாறு பேரையும் ஒண்ணாத்தான் பார்க்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "இன்னொண்ணு. இதுவரைக்கும் தூளால நோய் வந்தவங்க யாருன்னு தெரியாது. வரப்போறவங்க எத்தனை பேருன்னு தெரியும். இன்னைக்கு மாதிரியே கூடம் நடந்தா அடுத்த பன்னெண்டு வருஷத்துல, எண்ணூறு பேருக்கு இன்னொரு அறுபது பேர். அவங்களைத் தடுக்க முடியும். யாருன்னு தெரியணும்னு அவசியமே இல்லை."

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. நாலு கூட்டங்கள், ஏழெட்டுக் கடிதங்கள், ஒரு வேலைநிறுத்தம், அரசாங்க ஆய்வாளர்களின் வருகை எல்லாம் ஆயின. ஒன்றரை வருஷம் கழித்து உலர்தேய்ப்பு நின்றது. ஈரத்தில் தேய்க்கும் இயந்திரங்கள் வந்தன. கூரையில் தூளை உறிஞ்சும் குழாய்கள் வந்தன. தொண்ணூற்றாறு பேரில் உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் கோப்பைகளுக்குக் கோடு போடும் பிரிவுக்கு மாறினார்கள்.

அண்ணன் அங்கே நீலக் கோடு போட்டான். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போடணும். எனக்குப் பிடிக்கறதுக்கு நிறைய இல்லை, அதனால சீக்கிரம் போட்டுடறேன்" என்பான். சிகரெட்டை விட்டுவிட்டான். அண்ணிக்கு அவள்மேல் இருந்த கோபம் போக இரண்டு வருஷம் பிடித்தது. கோபம் போன அன்று, நீலக் கோடு கோணலாகப் போன ஒரு கோப்பையை அவள் கையில் கொடுத்து, "இது உனக்காம்" என்றாள்.

புதிய இயந்திரங்கள் வந்த பிறகு சேர்ந்த ஐந்நூறு பேரை மறுபடி பன்னிரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். டாக்டரம்மா ஓய்வு பெற்றுவிட்டார். சைக்கிளுக்கு முழங்கால் போய் மொபெட்டுக்கு மாறியிருந்தார், பெயர் மட்டும் மாறவில்லை. கணக்கம்மாவின் மேசையில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அது ஒரு நிமிஷத்தில் சொன்னதை அவள் பழக்க தோஷத்தில் கையாலும் கூட்டிப் பார்த்தாள். கூடத்தில் ஆயிரத்துக்கு நாற்பத்து நான்கு. தபால் நிலையத்தில், புகைப்பழக்க வித்தியாசத்தையும் கணக்கில் சரிசெய்த பிறகு, முப்பத்தாறு. தூளின் பங்கு இன்னும் எட்டு இருந்தது. முன்பு அது எண்ணூறுக்கு அறுபது, அதாவது ஆயிரத்துக்கு எழுபத்தைந்து. ஐந்நூறு பேரில் ஏறக்குறைய முப்பத்து மூன்று பேர் நோயிலிருந்து தப்பியிருந்தார்கள்.

அதை அண்ணனிடம் நேரில் சொல்லப் போனாள். அவனுக்கு அப்போது ஐம்பத்தைந்து. நாலு எட்டு வைத்தால் நிற்பான்.

"எனக்கு அந்த முப்பத்து மூணு பேரைப் பார்க்கணும்," என்றான்.

"யாருன்னு தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தெரியும், தெரியும். எல்லாரையும் பார்த்தா அவங்களும் அதுல இருப்பாங்கல்ல?"

ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. நாலு மணிக்குச் சங்கு ஊதியது. கதவு திறந்தது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஈரச் சட்டை, கறுத்த முடி, கறுத்த இமை. ஒருவன் இன்னொருவனின் டிபன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மற்றவன் திட்டிக்கொண்டே துரத்தினான். இரண்டு பேரும் சாலையைக் கடந்து, மேட்டில் ஏறி, மூச்சு வாங்காமல் சத்தம் போட்டார்கள்.

அண்ணன் முன்னால் சாய்ந்து பார்த்தான். உதடு அசைந்தது. எண்ணுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டம் கலைந்து, காவலாளி கதவைச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா ஓடறானுங்க," என்றான்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு வருஷமும் சில மாதங்களும் இருந்தான். இன்றைக்கு அவளுக்கு வயது எழுபத்தொன்று. அந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கை யாராவது கேட்டால் எண்களை அப்படியே ஒப்பிப்பாள். அன்றைக்கு வாசலில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் தெரியாது. அண்ணன் எண்ணி முடித்தானே தவிர, அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.